பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்: வெளிநாட்டுக் கல்விப் பயணங்கள் எப்படித் தோன்றின, எப்படி நடக்கின்றன

வேலைக்குச் சென்று தனியே வாழத் தொடங்கிவிட்ட மகனோ மகளோ பெற்றோருடன் சேர்ந்து, ஒரு நாட்டின் வரலாற்றையோ கலையையோ இயற்கையையோ அத்துறை அறிந்த ஆசிரியர் ஒருவரிடம் கற்பதற்காகச் சிறு குழுவாக அந்நாட்டுக்கே சென்று வருவது கல்விக் குழுப் பயணம் எனப்படும். சுற்றுலா நிறுவனங்கள் நடத்தும் வழக்கமான குழுப் பயணத்திலும் வழிகாட்டி உண்டு, பேருந்து உண்டு, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் உண்டு. ஆனால் அங்கே இடங்களை முதலில் அடுக்கிவிட்டு விளக்கத்தைப் பின்னர் சேர்க்கிறார்கள். கல்விப் பயணத்திலோ பாடப்பொருள் முதலில் முடிவாகிறது; எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவது, எதைக் காலையில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்பவை அந்தப் பாடப்பொருளைப் பொறுத்தே அமைகின்றன. இந்த வேறுபாடு விளம்பரத் தாளில் எளிதில் தெரியாது என்பதால், இத்தகைய பயணங்களின் வரலாற்றைச் சற்று அறிந்திருப்பது குடும்பங்களுக்கு உதவும்.

கற்பதற்காக வெளிநாடு செல்லும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் இளைஞர்களுக்கே உரியதாக இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் உயர்குடியினர் தம் மகன்களைப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அனுப்பி, மொழி, கலை, அரசவைப் பழக்கம் ஆகியவற்றைக் கற்று வரச் செய்தனர். ‘கிராண்ட் டூர்’ என்று பெயர்பெற்ற இந்த நீண்ட பயணத்தில் இளைஞனுடன் ஆசிரியர் ஒருவரும் சென்றார். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், 1764இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியைவிட்டு விலகி, பக்லூ கோமகனான இளைஞனுக்கு ஆசிரியராகப் பிரான்சுக்கும் ஜெனிவாவுக்கும் சென்றது இவ்வகைப் பயணங்களுள் நன்கு அறியப்பட்ட ஒன்றாகும். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு வாழ்நாள் ஓய்வூதியமும் உறுதி செய்யப்பட்டது. பயணத்தை ஏற்பாடு செய்தவர் கோமகனின் மாற்றாந்தந்தையான சார்லஸ் டவுன்செண்ட்; ஆனால் உடன் சென்றவர் அவரல்லர், ஆசிரியரே. பெரியவர்கள் செலவை ஏற்பதும் இளையவர்கள் சென்று கற்பதுமே அன்றைய முறை.

குழுவாகச் செல்வது என்பது வேறு வழியில் வந்தது. மது ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்த தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரிலிருந்து லப்பரோ நகருக்கு ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றபோது, பலர் சேர்ந்தால் ஒருவருக்கு ஆகும் செலவு குறையும் என்ற எளிய கணக்கு ஒரு தொழிலுக்கே அடித்தளமாயிற்று. இதனால் பயணம் நடுத்தர மக்களுக்கு எட்டியது உண்மை. கல்வி அதில் ஓரமாகவே இருந்தது.

இன்றைய கல்விப் பயணத்தின் உண்மையான வேர் வடக்கு ஐரோப்பாவில் இருக்கிறது. டென்மார்க் நாட்டுப் பாதிரியாரும் கவிஞருமான நிக்கோலாய் கிருண்ட்விக், தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின்கீழ் தங்கி, ஒன்றாக உண்டு, உரையாடிக் கற்கும் ‘மக்கள் உயர்நிலைப் பள்ளி’ என்ற கருத்தை முன்வைத்தார். அத்தகைய முதல் பள்ளி 1844இல் ரோடிங் என்னும் ஊரில் உழவர் வீட்டு இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பின்னர் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான், நடந்தே ஊர் சுற்றும் மாணவர்கள் குறைந்த செலவில் தங்குவதற்கு இளைஞர் விடுதிகளை உருவாக்கினார். ஆல்டனா கோட்டையில் 1912இல் அமைந்த அவரது நிலையான விடுதி அவ்வகையில் முன்னோடி எனப்படுகிறது.

இவ்விரண்டையும் கண்டு வியந்த அமெரிக்கக் கல்வியாளர் மார்ட்டி நோல்டன், முதுகுப்பையுடன் ஐரோப்பாவில் நெடுநாள் நடந்து திரிந்து ஊர் திரும்பிய பின், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிகளை நிர்வகித்த டேவிட் பியான்கோவுடன் சேர்ந்து 1975இல் ‘எல்டர்ஹாஸ்டல்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். கோடை விடுமுறையில் மாணவர் விடுதிகள் காலியாகக் கிடக்கின்றன, பேராசிரியர்கள் ஊரில் இருக்கிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்களுக்குக் கற்கும் ஆவலும் நேரமும் இருக்கின்றன என்ற மூன்று உண்மைகளை அவர்கள் இணைத்தார்கள். அந்த முதல் கோடையில் ஐந்து கல்லூரிகளில் 220 பேர் தங்கிப் படித்தனர். வீட்டுப்பாடம் இல்லை, தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. 1980க்குள் இத்திட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் பரவியது. 1981இல் வெளிநாட்டுப் பயணங்களும் தொடங்கின. இலாப நோக்கற்ற அந்த அமைப்பு இப்போது ‘ரோட் ஸ்காலர்’ என்ற பெயரில் பாஸ்டனிலிருந்து இயங்குகிறது. முதியோருக்கு மட்டும் என்று தொடங்கிய அதில், பேரப்பிள்ளைகளையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று தலைமுறைகள் சேர்ந்து கற்கும் பயணங்களும் பின்னர் இடம்பெற்றன. இளையவர் மட்டும் சென்ற பயணமும் முதியவர் மட்டும் சென்ற பயணமும் இவ்வாறுதான் ஒரே பேருந்தில் ஏறின.

பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து போவதற்கு ஆசிரியருடன் கூடிய குழு ஏன் தேவை, குடும்பமாகவே போகக் கூடாதா என்ற கேள்வி இயல்பானது. தனியாகப் போகும் குடும்பத்தில், பயணம் தொடங்கிய நாளிலிருந்தே பிள்ளை நிர்வாகியாகிவிடுகிறார்: விமானச் சீட்டு, அறை, வண்டி, கைபேசி வரைபடம், அப்பாவுக்கு மாத்திரை, அம்மாவுக்கு ஒத்துப்போகும் சாப்பாடு என எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. பெற்றோரோ, பிள்ளைக்குச் சுமையாகிவிட்டோமோ என்ற தயக்கத்தில், கால் வலித்தாலும் சொல்லாமல் நடக்கிறார்கள், பிடிக்காத இடத்தையும் பிடித்ததாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் தமிழ்ப் பெற்றோருள் பலருக்கு இது பழகிய நிலையே. வாரநாள்களில் வீட்டுக்குள் இருப்பதும், வார இறுதியில் பிள்ளை வண்டியோட்டிக் காட்டும் இடங்களைப் பார்ப்பதுமாக மாதங்கள் கழிகின்றன. குழுப் பயணத்தில் நிர்வாகம் பயண மேலாளரின் பொறுப்பு, விளக்கம் ஆசிரியரின் பொறுப்பு. பெற்றோரும் பிள்ளையும் இருவருமே விருந்தினர், இருவருமே மாணவர். வீட்டில் பெற்றோர் சொன்னதைப் பிள்ளை கேட்ட காலமும், பின்னர் பிள்ளை சொன்னதைப் பெற்றோர் கேட்கும் காலமும் போக, மூன்றாமவர் ஒருவர் சொல்வதை இருவரும் அருகருகே நின்று கேட்டு, இரவு உணவின்போது அதைப் பற்றி மாறுபட்டுப் பேசுகின்ற நிலை இங்கே வாய்க்கிறது. இவ்வகைப் பயணத்தின் தலையாய பயன் இதுவே. அறிவுச் செல்வம்கூட இதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

நல்ல பயணம் ஒன்றின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் வந்துசேரும். ஓர் ஊரில் குறைந்தது இரண்டு மூன்று இரவுகள் தங்குவார்கள். காலையில் ஒரு மணி நேர உரை, அதன்பின் உரையில் பேசப்பட்ட இடத்தில் நடை, பிற்பகலில் ஓய்வோ தனியே சுற்றும் நேரமோ இருக்கும். ஆசிரியர் மெல்லப் பேசுவதைச் சற்றுத் தொலைவில் நிற்பவரும் கேட்கும்படி, ஒவ்வொருவருக்கும் கழுத்தில் தொங்கும் சிறு அலைவாங்கிக் கருவியும் காதுக்கருவியும் தருவார்கள். காது மந்தமான பெற்றோருக்கு இது பெரும் உதவி. ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை படிகள் ஏற வேண்டும், கல் பாவிய தெருவா சமதளமா என்பதைக் கொண்டு பயணங்களைக் கடினத் தரவரிசைப்படி பிரித்து அறிவிக்கும் வழக்கமும் உண்டு. இத்தரவரிசையைப் பிள்ளையின் உடல்நிலையை வைத்துப் பார்க்காமல் பெற்றோரின் முழங்காலை வைத்துப் பார்ப்பதே முறை.

செலவில் கவனிக்க வேண்டியது, இரு படுக்கை அறையைப் பகிர்வோருக்கே அறிவிக்கப்படும் கட்டணம் பொருந்தும் என்பதாகும். கணவனை இழந்த தாய் மகனுடன் செல்லும்போது இருவரும் தனித்தனி அறை விரும்பினால், தனி அறைக்கான கூடுதல் கட்டணம் இருமுறை சேரும். விசா விதிகளும் ஒரே குடும்பத்துக்குள் வேறுபடும். கனடா குடியுரிமை பெற்ற மகள் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இல்லாமலே செல்ல முடியும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோர் முன்கூட்டியே விசா பெற வேண்டும், குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் காட்ட வேண்டும். அக்காப்பீடு ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பொருந்துமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு விசாவுக்குக் காட்டும் காகிதம் மட்டும் போதாது.

மொழி பற்றிய கேள்வி இவற்றைவிடப் பெரியது. உரைகள் ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால், பிள்ளை மொழிபெயர்ப்பாளராகிவிடுவார். மேலே சொன்ன சமநிலை அந்த நொடியே குலைந்துவிடும். எனவே தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய ஆசிரியரைக் கொண்டு, தமிழருக்குப் பொருளுள்ள பாடம் ஒன்றை எடுத்து, சிறு குழுக்களாகப் பயணங்கள் அமைய வேண்டும். அதற்குரிய பாடங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் மிகவும் அவசரமானது தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, பர்மாவிலிருந்த தம் படைகளுக்குத் தரைவழியே பொருள் அனுப்புவதற்காக, ஜப்பானியர் தாய்லாந்தின் பான் போங் ஊரிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களுள் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து, முதலில் நல்ல கூலி என்று ஆசைகாட்டியும் பின்னர் பலவந்தமாகப் பிடித்தும் அனுப்பப்பட்ட தமிழர்கள் மிகப் பலர். 1943இல் மழையோடு வந்த காலரா, மருத்துவர் இல்லாத அவர்களது முகாம்களைச் சூறையாடியது. இறந்த ஆசியர்களின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. சில 90,000 வரை செல்கின்றன. போர்க் கைதிகளுக்கு இராணுவப் பதிவேடு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அது இல்லை. இதனால்தான் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரின் நினைவுக் கற்கள் வரிசையாக நிற்க, இறந்த தமிழர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே மண்ணில் மறைந்தனர்.

இந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அரை நாளில் பார்த்துவிடுகிறார்கள்: 1957இல் வந்த ஆங்கிலத் திரைப்படத்தால் புகழ்பெற்ற குவாய் ஆற்றுப் பாலத்தில் நடந்து, படம் எடுத்துக்கொண்டு பாங்காக் திரும்புகிறார்கள். கல்விப் பயணமாக அமைத்தால் மூன்று நாள்கள் தேவைப்படும். முதல் நாள், கல்லறைத் தோட்டத்தின் அருகிலுள்ள தாய்லாந்து–பர்மா ரயில்வே மையத்தின் அருங்காட்சியகத்தில் பாதையின் வரலாற்றை வரைபடங்களோடு கற்கலாம். அடுத்த நாள், இன்றும் ஓடும் ரயிலில் நாம் டோக் வரை சென்று, ஆற்றோரப் பாறையை ஒட்டி மரத்தூண்களின்மேல் நிற்கும் தாம் கிரசே பகுதியைக் கடக்கலாம். மூன்றாம் நாள், பாறையைக் கையால் உடைத்து வெட்டிய ‘ஹெல்ஃபயர் பாஸ்’ கணவாய்க்குச் செல்லலாம். அங்கே ஆஸ்திரேலிய அரசு அமைத்த விளக்க மையத்திலிருந்து கணவாய்க்கு இறங்கும் படிகள் அதிகம் என்பதால், முடியாத பெற்றோர் மேலேயே இருந்து காட்சிப் பொருள்களைப் பார்க்கும்படி திட்டமிட வேண்டும். புறப்படும் முன் படிக்க மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் இருக்கிறது.

இப்பயணத்தில் பெற்றோரே பாதி ஆசிரியர்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்று எழுபதைக் கடந்திருப்பவர்கள், ரயில் போட்டுத் திரும்பி வந்த அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ நேரில் கேட்ட கடைசித் தலைமுறையினர்; பிள்ளைகளோ அதைப் பாடப் புத்தகத்தில்கூட முழுமையாகப் படித்திராதவர்கள். வீட்டில் சொல்லாமல் விட்ட செய்திகள் பாதையருகே நிற்கும்போது வெளிவரக்கூடும். அவற்றைப் பிள்ளைகள் ஒலிப்பதிவு செய்து, பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றோடு குறித்துக்கொண்டால், இராணுவப் பதிவேட்டில் இல்லாத மனிதர்களுக்கு ஒரு பதிவு உண்டாகும். தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இத்தகைய பயணங்களை இனியும் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும். கேட்டதைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள்.