கறுக்காத கணு

புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்று பரவும்போது முதலில் சென்று தங்கும் இடங்களுள் ஒன்று, இடுப்புக் கூட்டுக்குள் அவரை விதை வடிவில் அமைந்துள்ள நிணநீர்க் கணு. அங்கே புற்று செல்கள் குடியேறிவிட்டனவா என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் போக்கு பெரிதும் முடிவாகிறது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்திலோ ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டருக்கு மேல் வீங்கிய கணுவே ஐயத்துக்குரியதாகக் கொள்ளப்படுவதால், வீங்காத சிறு கணுவில் ஒளிந்திருக்கும் புற்று தப்பிவிடுகிறது.

இக்குறையைத் தீர்க்க முனைந்த நானோ பொருள் ஃபெருமாக்ஸ்ட்ரான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே நானோமீட்டர்; அத்தகைய சில நானோமீட்டர் பருமனுள்ள இரும்பு ஆக்சைடு கருவின் மேல் டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலி உறையாகப் படிந்திருப்பதால், இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் இரத்தத்தில் நெடுநேரம் உலவி, நாளச் சுவர் வழியே கசிந்து, நிணநீரோடு கணுவை அடைகின்றன. நலமான கணுவில், அந்நியப் பொருளை விழுங்கும் இயல்புடைய பெருவிழுங்கு செல்கள் அவற்றை வாரி விழுங்க, உள்ளே குவிந்த இரும்பின் காந்தத்தன்மை அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் சமிக்ஞையைக் குலைத்துவிடுவதால், ஊசி செலுத்தி 24 மணி நேரம் கழித்து எடுக்கும் படத்தில் அக்கணு கரிபோல் கறுத்துத் தெரிகிறது. புற்று செல்கள் இடம்பிடித்துக்கொண்ட பகுதியோ துகளை ஏற்காமல் வெளிறியே நிற்கிறது. நலமான திசுவுக்கு மை பூசி, மை படாத இடத்தைக் கொண்டு புற்றைக் காட்டிக்கொடுக்கும் இவ்வுத்தியை நானோ மருத்துவத்தின் அழகிய சிந்தனைகளுள் ஒன்றெனத் தயங்காமல் கூறலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன், நெதர்லாந்தின் நைமேகன் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் புராஸ்டேட் புற்றுடைய 80 பேரிடம் இம்முறையைச் சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆராயப்பட்ட 334 கணுக்களுள் 63-இல் புற்று இருந்தது. அவற்றுள் 45 கணுக்கள் வழக்கமான அளவுகோலின்படி ஐயத்துக்கே இடமளிக்காதவை. கணுவுக்குக் கணு ஒப்பிட்டபோது, புற்றுள்ளவற்றில் 35.4 விழுக்காட்டையே வழக்கமான படம் கண்டறிய, நானோ துகள் சேர்ந்த படம் 90.5 விழுக்காட்டைக் கண்டறிந்தது.

இருப்பினும், ஐரோப்பாவில் இம்மருந்துக்கு உரிமம் கோரிய விண்ணப்பம் 2007-இல் திரும்பப் பெறப்பட்டது. நைமேகனில் ஆய்வு பின்னரும் தொடர்ந்தது. கொழுப்போ நார்த்திசுவோ மிகுந்த கணுவும் துகளை ஏற்காமல் வெளிறித் தெரியக்கூடும் என்பதால், ஐயத்துக்குரிய கணுவைப் பற்றிய இறுதி உறுதிப்பாடு இன்றும் திசுவை நுண்ணோக்கியில் காணும் நோயியல் மருத்துவரிடமே உள்ளது.