வில்லுக்கத்தி வாங்குவோர் காண வேண்டியன

துணி வாங்குவோர் நூலை இழுத்துப் பார்க்கின்றனர். மண்பானை வாங்குவோர் விரலாற் சுண்டிப் பார்க்கின்றனர். பல்லாயிரம் ரூபா கொடுத்து வில்லுக்கத்தி வாங்குவோரோ, பெரும்பாலும் அதன் பளபளப்பையும் பெட்டியின் அழகையும் கண்டே மயங்கிவிடுகின்றனர். கத்தியில் உள்ள குறையைப் பணப்பை மட்டுமன்று, விரலும் உணர நேரிடும். ஆதலின் அம்பிட்டியவிலும் அயலிலும் ஒட்டுக்கட்டல், தோட்டவேலை, மலைநடை ஆகியவற்றில் ஊக்கமுடைய இளைஞர் பொருட்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

கண்டி நாடு நல்ல கத்தியை அறியாத நாடன்று. மன்னர் காலத்துக் கம்மியர் வெள்ளியும் பித்தளையும் தந்தமும் இழைத்துச் செய்த 'பிஹா கெத்த' என்னும் கத்திகள் இன்றும் அரும்பொருட்சாலைகளை அணிசெய்கின்றன. அக்கம்மியரின் வாழ்வையும் தொழிலையும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரித்துரைத்துள்ளார். ஆயினும் அவை மடியாத கத்திகள். அலகு பிடிக்குள் ஆழ இறங்கி அசையாது நிற்பது. வில்லுக்கத்தியிலோ அலகு ஓர் அச்சாணியிற் சுழல்கின்றது. எனவே அதன் தரம் முழுவதும் அந்த மூட்டிலேயே தங்கியுள்ளது எனலாம்.

முதலாவதாக, கத்தியை மடித்து மேலிருந்து நோக்குக. அலகு இரு தகடுகளுக்கும் நடுவே நிற்றல் வேண்டும். ஒரு புறஞ் சாய்ந்து தகட்டில் உராய்தல் ஆகாது. அடுத்து, விரித்து இருபக்கமும் மெல்ல அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருப்பின் அச்சுத் திருகாணியைச் சிறிது முறுக்கினால் நீங்கக்கூடும். ஆட்டம் நீங்கும் அளவுக்கு முறுக்கியதும் கத்தி திறக்க மறுக்குமாயின், அது திருகாணியின் குற்றமன்று, செய்தவரின் குற்றம். அலகு மேலுங் கீழுமாய் அசையுமாயின் பூட்டே சரியாகப் பொருந்தவில்லை; அதனை வாங்கற்க.

பூட்டினைக் காண்பதே தலையாய சோதனை. பிடியின் உட்டகடு வில்போல் வளைந்து அலகின் அடியைத் தாங்கும் வகையில், அத்தகடு அடியின் நுனியை மட்டுந் தொட்டு நிற்பின் நழுவக்கூடும்; புதிதிலேயே மறுகரை வரை சென்றுவிடின், தேய்வதற்கு இடமில்லை. முற்பகுதியில் நன்கு பதிந்து நிற்பதே நன்று. விரல்களை அலகின் வழியினின்றும் விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகை மெல்ல அழுத்திச் சோதிக்கலாம். ஓங்கி அடித்தல் கூடாது. பூட்டில்லாத பேனாக்கத்தியாயின், முதுகுவில்லின் இழுவை திறக்கும்போதும் மூடும்போதும் உறுதியாக இருத்தல் வேண்டும். சிறுவர் கையிற் கொடுப்பதற்கு முன் இதனை அறிந்து கொள்ளுதல் பெற்றோர் கடன்.

உருக்கினைப் பற்றியும் ஒரு சொல். உயர்ந்த வில்லுக்கத்திகள் பல, றொக்வெல் அளவையில் 58 முதல் 62 வரை வன்மையுடையவை. வன்மை மிகின் கூர் நெடுநாள் நிற்கும். ஆயினும் தீட்டுதல் கடினம், விளிம்பு உதிரவுங் கூடும். ஹந்தானைச் சாரலின் ஈரமும் மழையும் கரியுருக்கை விரைவிற் கறள் பிடிக்கச் செய்யும். எலுமிச்சை, அன்னாசி ஆகியவற்றின் புளிப்பும் அவ்வாறே. குரோமியம் மிகுந்த துருவேறா உருக்கு இவ்விடத்திற்கு ஏற்றது. அதனையுங் கழுவித் துடைத்து, அச்சிற்கு ஒரு துளி எண்ணெய் இடுக. ஈரம் உறிஞ்சும் தோலுறையில் வைத்து மறந்துவிடற்க.

விலை மட்டும் தரமாகாது. பிரான்சின் சவோய் நாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி எளிய விலையது. 1955இல் அதற்குச் சுழலும் பூட்டுவளையம் அமைந்தது. இன்றும் உழவர் கைகளில் அது உழைக்கின்றது. மறுபுறம், தென்னாபிரிக்காவிற் பிறந்த கிறிஸ் றீவ் செய்த தைத்தேனியப் பிடிக் கத்தி மிக்க விலையுடையது. ஆயினும் அதன் பெயராகிய 'செபென்சா' என்பதோ சூலு மொழியில் வேலையைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. உயர்விலைக்கு நாம் பெறவேண்டியது அழகன்று. தலைமயிரளவும் பிசகாத பொருத்தமும் பழுது நேரின் திருத்தித் தரும் பொறுப்புமேயாம்.

உருக்கைக் காய்ச்சித் தோய்த்த பக்குவத்தை எந்தக் கண்ணுங் காணாது. அங்கே செய்தவரின் நற்பெயரே சான்று. காணக்கூடியவற்றைக் கையாற் சோதித்து, காண இயலாதவற்றுக்கு நம்பத்தக்கவரை நாடுக. அவ்வாறு தேர்ந்து வாங்கிய கத்தி தந்தை கையிலிருந்து மைந்தன் கைக்குச் செல்லும் வரை உழைக்கும்.