தூர் மண்ணில் எழுந்த தீவுகள்! கண்ணங்குறிச்சி ஏரி சூரமங்கலத்துக்குச் சொல்லும் பாடம்

சேலம் சூரமங்கலத்தில் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது மேட்டூர் தண்ணீர். 40 கிலோ மீட்டருக்கும் அப்பால் இருந்து, மின்சார மோட்டார் தள்ளித்தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கிற தண்ணீர் அது. குழாய் நின்று விட்டால்? குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சேலத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடை கலந்து விடுகிறது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பு, இந்த ஊர் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பித்தான் வாழ்ந்தது. பனமரத்துப்பட்டி ஏரி சேலத்துக்கே குடிநீர் கொடுத்தது.

மேட்டூர் தண்ணீர் வந்தது. ஏரிகளை ஊர் மறந்தது. குப்பை விழுந்தது, சாக்கடை புகுந்தது, கரை சுருங்கியது.

58 ஏக்கர் ஏரி

அப்படி வீணாகிக் கிடந்த ஏரிகளில் ஒன்று, மலை அடிவாரத்துக் கண்ணங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி. 58 ஏக்கர் பரப்பு. மழை பெய்தால் சேர்வராயன் மலைத் தண்ணீர் இங்கே வரும். வந்து என்ன பயன்? தூர்ந்து போன ஏரியில் தண்ணீர் தங்க இடமில்லை.

2010-ல் 'சேலம் மக்கள் குழு' என்ற அமைப்பு களத்தில் இறங்கியது. பியூஷ் மானுஷும் நண்பர்களும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி வேலையைத் தொடங்கினார்கள்.

மண் எங்கே போச்சு?

ஏரி தூர் வாரும் இடத்தில் எல்லாம் எழும் கேள்வி இது. அள்ளிய மண்ணை லாரியில் ஏற்றினால் வாடகை கட்டுபடி ஆகாது. கரையிலேயே கொட்டி வைத்தால், அடுத்த மழையில் அது மறுபடியும் ஏரிக்குள் இறங்கி விடும்.

மூக்கனேரியில் வேறு வழி கண்டார்கள். மண்ணை ஏரிக்குள்ளேயே அங்கங்கே குவித்தார்கள். டஜன் கணக்கில் சிறு தீவுகள் எழுந்தன. மண் சரியாமல் இருக்க வெட்டிவேர், மூங்கில், மரக்கன்றுகள் நட்டார்கள். வேர் மண்ணை இறுக்கிப் பிடித்தது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் ஆடு, மாடு போய்க் கன்றை மேய முடியவில்லை. மழை வந்தது; பள்ளம் நிரம்பியது. பறவைகளும் தீவுகளைத் தேடி வந்தன.

ஏரியில் நிற்கும் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பூமிக்குள் இறங்கி, சுற்றுப்புறக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் ஊற்றெடுக்கிறது. ஏரியை மூடி மனை போட்டால் அந்த ஊற்றும் சேர்ந்தே மூடிப் போகும்.

வாய்க்கால்தான் உயிர்

சூரமங்கலம் பக்கத்திலும் பள்ளப்பட்டி ஏரி இருக்கிறது. சேலம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதைப் புதுப்பிக்கும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது. கரையும் நடைபாதையும் பார்க்க அழகுதான். ஆனால் ஏரிக்கு உயிர் கொடுப்பது வரத்து வாய்க்கால். வாய்க்காலை அடைத்து விட்டால் மழைத்தண்ணீர் தெருவில் தேங்கும், ஏரி காயும். வாய்க்காலில் சாக்கடையைத் திருப்பினால் ஏரி நிரம்பும். ஆனால் கொசுதான் மிஞ்சும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்பது 2003-ல் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் பல வீடுகளில் மழைநீர்க் குழாய் பெயருக்குத்தான் தொங்குகிறது. தொட்டியில் மண் அடைத்துக் கிடக்கிறது.

மழைக்காலத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மொட்டை மாடியைக் கூட்டி, தொட்டியில் உள்ள மண்ணை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போடலாம். கடை வாசல் குப்பையை வாய்க்காலில் தள்ளாமல் இருக்கலாம். மேட்டூரில் தண்ணீர் குறையும் வருஷத்தில், தெருக் கிணற்றில் ராட்டினம் சுற்றுமா சுற்றாதா என்பது அந்த ஒரு நாள் வேலையில்தான் இருக்கிறது.