தோண்டாமலே வந்த பேஸ்மென்ட்

நம்ம ஊர் கொத்தனாரிடம் 'பேஸ்மென்ட்' என்று சொன்னால், பூமிக்கு அடியில் இருக்கும் அறை அவர் நினைவுக்கு வராது. "பேஸ்மட்டம் மூணடி போட்டுடலாம் சார்" என்பார். தரைக்கு மேலே எழுப்பி, மண் நிரப்பி, அதன்மேல் வீடு கட்டுவதுதான் இங்கே பேஸ்மட்டம். அமெரிக்காவில் கீழே போகிற சொல், இங்கே மேலே வருகிறது. ஏன்?

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும். ஆழமில்லாத அஸ்திவாரத்தை அப்படியே தூக்கிவிடும். அதனால் மண் உறையாத ஆழம்வரை, பல இடங்களில் நாலைந்து அடி, தோண்டியே ஆகணும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறது. ஹோம் தியேட்டர், விளையாட்டு அறை என்று அலங்கரிக்கிறார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. இது ஏரிகளின் நிலம்: அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். நிலத்தடி நீர் மேலே ஏறும். அப்போது காலியாக இருக்கும் சம்ப் படகு மாதிரி மிதக்கப் பார்க்கும், விரிசல் விடும். மழைக்காலத்தில் சம்ப்பை முழுசா காலி பண்ணாதீங்க என்பது அதனால்தான்.

சரி, அப்போ நமக்கு பேஸ்மென்ட்டே இல்லையா? இருக்கு. நாம தோண்டல, ரோடு உண்டாக்கிச்சு.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டால், ஒவ்வொரு தடவையும் சில அங்குலம் ஏறும். முப்பது வருஷத்துக்கு முன் தெருவைவிட இரண்டடி உயரத்தில் கட்டிய ஹால், இன்று தெருவுக்குக் கீழே. சியாட்டில் நகரில் 1889 தீ விபத்துக்குப் பிறகு தெருக்களை வேண்டுமென்றே உயர்த்தினார்கள். பழைய தரைத்தளங்கள் நிலவறைகளாயின. இங்கே யாரும் திட்டமிடாமல் அதே நடந்தது. சுரண்டிவிட்டுத்தான் ரோடு போடணும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ஆனா அதற்கு முன் ஏறிய உயரம் அப்படியேதான் இருக்கு. அந்தக் கீழ் போர்ஷனில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாடி ஏற முடியாத பெரியவர்கள், இல்லாவிட்டால் வாடகை குறைவு என்று வந்த குடும்பங்கள்.

இப்படிப்பட்ட தளத்தை அலங்கரிக்கும்போது பலரும் முதலில் செய்வது, ஓதம் காத்த சுவரை பிவிசி பேனல் அல்லது பிளைவுட் போட்டு மறைப்பது. செங்கல் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சும். அது காற்றில் காய வழி வேண்டும். மறைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் பெயிண்டும் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும். அடிக்கடி அடிக்கணும், ஆனா செலவு கம்மி.

மீட்டர் பெட்டி, பிளக் பாயின்ட், மோட்டார் சுவிட்ச் எல்லாம் இடுப்புக்கு மேலே போகட்டும். கட்டில், அலமாரிக்கு இரும்பு அல்லது பிளாஸ்டிக் போதும். பத்திரம், சர்டிபிகேட், அரிசி மூட்டைக்கு பரண். சாக்கடை லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம். தெரு டிரெய்னேஜ் நிரம்பினால் தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாக வந்துவிடும்.

வருஷா வருஷம் தண்ணீர் உள்ளே வருகிறதா? இரண்டு வழிதான். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம். அதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் சுவரையும் அஸ்திவாரத்தையும் பார்க்கணும். இல்லாவிட்டால் கட்டடம் தாங்குமா என்று கேட்டுவிட்டு, மேலே ஒரு தளம் எழுப்பி, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிடலாம். அங்கே யாரையும் தூங்க வைக்காமல் இருப்பதே பெரிய லாபம்.

இந்தப் பக்கம் பழைய வீடு வாங்கப் போறவங்க ஒரு டியூப் லெவலோடு போங்க. நடு ரோட்டின் உயரத்தையும் ஹால் தரையின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஹால் கீழே இருந்தால், நீங்க வாங்குவது பேஸ்மென்ட். விலையை அதுக்கேத்த மாதிரி பேசுங்க.