பன்னிரண்டா, பதின்மூன்றா?

கடையில் அக்கௌஸ்டிக் கிட்டாருக்கு ஒரு செட் கம்பி கேட்டால், “பத்தா, பதினொண்ணா, பன்னெண்டா?” என்று எதிர்க்கேள்வி வரும். புதிதாக வாசிக்கக் கற்பவர்கள் அங்கேதான் திணறுவார்கள். அந்த எண் கம்பியின் கனத்தைக் குறிப்பது. கிட்டார்க்காரர்கள் ‘கேஜ்’ என்பார்கள். ஆறு கம்பிகளில் மிக மெல்லிய முதல் கம்பி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு கனம் என்பதே கணக்கு. பன்னிரண்டு என்றால் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். பத்து என்றால் 0.25, பதின்மூன்று என்றால் 0.33. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு உடனே தெரியும். கிட்டாரின் மரத்துக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

காரணம் எளிய இயற்பியல். நீளமும் சுருதியும் மாறாமல் கம்பியின் கனத்தை மட்டும் கூட்டினால், அதை அதே சுருதியில் நிறுத்தத் தேவையான இழுவிசை கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போகும்போது கனம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. இழுவிசையோ 44 சதவீதம் ஏறிவிடுகிறது. வழக்கமான முழு அளவு கிட்டாரில் பத்தாம் எண் முதல் கம்பி ஏழு கிலோ சொச்சம் இழுக்கும். பன்னிரண்டு பத்தரைக் கிலோ இழுக்கும். பதின்மூன்று பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். இது ஒரே கம்பியின் கணக்கு. ஆறையும் கூட்டினால் 10–47 செட் (முதல் கம்பி 10, ஆறாம் கம்பி 47) சுமார் 60 கிலோ, 12–53 செட் சுமார் 74 கிலோ, 13–56 செட் சுமார் 85 கிலோ. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்புரூஸ் மேற்பலகையில் ஒட்டிய, கம்பிகளின் நுனியைத் தாங்கும் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, வளர்ந்த ஒரு மனிதர் இரவும் பகலும் தொங்குவதற்குச் சமம் இது.

அந்தப் பலகை எப்படித் தாங்குகிறது? உள்பக்கம் ஒட்டிய மரச்சட்டங்கள்தான் காரணம். கிட்டார் கம்பியின் வரலாறே ஒரு வகையில் இந்தச் சட்டங்களின் வரலாறு. அதைச் சொல்ல மார்ட்டின் நிறுவனத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1833-இல் தொடங்கிய நிறுவனம் அது. சில ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரெத் ஊருக்குப் போய், இன்றுவரை அங்கேயே கிட்டார் செய்கிறது. பெருக்கல் குறிபோல இரண்டு சட்டங்கள் குறுக்கே வெட்டிச் செல்லும் அமைப்பை 1840-களிலேயே மார்ட்டின் கையாண்டது. அப்போது கிட்டாருக்கு ஆட்டுக்குடல் நரம்புதான். எஃகுக் கம்பி பரவலானது 1920-களில். குடல் நரம்புக்காக வந்த அந்தப் பெருக்கல் குறி அமைப்பு, அதைவிட மிக அதிகமாக இழுக்கும் எஃகுக்கும் பொருந்திப்போனது மரவேலையில் நிகழ்ந்த ஓர் அருமையான தற்செயல்.

பிறகு சத்தத்துக்கான போட்டி வந்தது. பாஞ்சோவும் ஃபிடிலும் முழங்கும் மேடையில் கிட்டாரின் குரல் அமுங்கிப்போகும். அதற்கு மார்ட்டின் தந்த விடை, அகன்ற இடுப்புள்ள டிரெட்நாட். தன் பெயரிலேயே 1931-இல் அதைக் கொண்டுவந்தது. உள்சட்டங்களை ஆங்காங்கே குடைந்து மெலிதாக்கியிருந்ததால் பலகை தாராளமாக அதிர்ந்தது. கீழ் சுரங்கள் அறையை நிறைத்தன. ஆனால் வாசித்தவர்களுக்கு அதுவும் போதவில்லை. மேலும் மேலும் கனத்த கம்பிகளை மாட்டினார்கள். மெலிந்த சட்டங்களால் அந்த இழுப்பைத் தாங்க முடியவில்லை. பலகை உப்பியது, பழுதுக்குத் திரும்பி வரும் கிட்டார்கள் பெருகின. 1944-இன் கடைசியில் நிறுவனம் சட்டங்களைக் குடைவதையே நிறுத்திவிட்டது. கிட்டார் உறுதியானது, ஒலி கொஞ்சம் இறுகிப்போனது. குடைந்த சட்டமுள்ள பழைய டிரெட்நாட்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். பெருவாரியான வாசிப்பவர்களுக்கு அந்த ஒலி மீண்டும் கிடைக்க, குடைந்த சட்டங்களோடு 1976-இல் மார்ட்டினின் ஹெச்டி-28 மாடல் வரவேண்டியிருந்தது. ஒரு பெரிய தொழிற்சாலையின் வடிவமைப்பையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாற்றிவைத்தது கம்பியின் கனம்தான்.

ஆகவே கம்பி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது தன் விரலை அல்ல, தன் கிட்டாரை. தயாரிப்பாளர் எந்தச் செட்டை மாட்டி அனுப்பினாரோ, அந்த எண்ணை மனத்தில் வைத்துத்தான் சட்டங்களும் கழுத்தும் செய்யப்பட்டிருக்கும். முழு அளவு கிட்டார்களில் அது பெரும்பாலும் 12–53, அதாவது லைட். பழைய கிட்டார், விலை மலிந்த கிட்டார், பிரிட்ஜின் பின்பக்கம் பலகை ஏற்கெனவே மேடிட்ட கிட்டார் என்றால் பதினொன்றோ பத்தோ போதும். ஒரு மெல்லிய காகிதத்தை பிரிட்ஜின் பின்விளிம்பில் செருகிப் பார்க்கலாம். காகிதம் உள்ளே நுழைந்தால் பசை விட ஆரம்பித்துவிட்டது. கனத்த கம்பியை நினைக்கவே கூடாது. நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பி மாட்டுவது இதைவிடப் பெரிய ஆபத்து. நைலான் செட் மொத்தமே சுமார் நாற்பது கிலோதான் இழுக்கும். எஃகின் இழுப்பில் அதன் பலகை உப்பும், பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

அடுத்தது நீளம். கழுத்தின் தலைப்பக்கமுள்ள நட்டிலிருந்து பிரிட்ஜின் மேலுள்ள சேடில்வரை அதிரும் கம்பியின் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். மார்ட்டின் டிரெட்நாட்டில் அது 25.4 அங்குலம். டெய்லர் நிறுவனத்தின் சிறிய ஜிஎஸ் மினி கிட்டாரில் 23.5 அங்குலம்தான். இந்தச் சின்னக் கிட்டாருக்கு டெய்லர் மாட்டித் தருவது 13–56, அதாவது மீடியம். பலர் இதைக் கண்டு மலைப்பார்கள். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கும் கட்டுப்பட்டது; 23.5 அங்குலத்தில் அது சுமார் 14 சதவீதம் குறைகிறது. பெரிய கிட்டாரில் 85 கிலோ இழுக்கும் செட், இங்கே 73 கிலோதான் இழுக்கும். பெரிய கிட்டாரில் பன்னிரண்டு தரும் அதே பிடி, சின்னதில் பதின்மூன்றில் கிடைக்கிறது. சின்னக் கிட்டாருக்கு மெல்லிய கம்பி என்று பத்தை மாட்டினால் தொளதொளவென்று ஆடி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டில் உரசும்.

சுருதியும் அப்படித்தான். எல்லாக் கம்பிகளையும் அரை சுரம் இறக்கி வாசிப்பவருக்கு இழுவிசை சுமார் 11 சதவீதம் இறங்கிவிடும். பாடகரின் குரலுக்காக எப்போதுமே இறக்கி வைத்திருப்பவர்கள் ஒரு எண் கூட்டிக்கொள்வது நியாயம்.

இனி விரல். தொடக்கத்தில் எல்லோரும் படும் வலிக்குக் கம்பியைக் குறை சொல்வதே வழக்கம். பல நேரம் குற்றவாளி கம்பி ஃபிரெட்டுக்கு மேலே நிற்கும் உயரம்தான். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த ஆறாம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளி இருந்தால் வசதி. நட்டின் பள்ளங்கள் ஆழமில்லாமல் இருந்தால் முதல் ஃபிரெட்டில் எஃப் கார்டு பிடிப்பவர் படும் பாடு சொல்லி மாளாது. அங்கே பத்தாம் எண்ணை மாட்டினாலும் முழு நிம்மதி வராது. விவரம் தெரிந்த பழுது பார்ப்பவர் பள்ளத்தை அரத்தால் ஒரு இழை அராவிவிட்டால், பன்னிரண்டே மெத்தென்று இருக்கும். அதற்குப் பிறகும் வலித்தால் பதினொன்றுக்கு இறங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. குழந்தைகளுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் பத்து நல்ல எண்.

ஒலியில் என்ன மாறும்? கனத்த கம்பி பலகையை வலுவாக அசைக்கும்; சத்தமும் கார்வையும் கூடும். பிக்கால் ஓங்கி அடிக்கும் புளூகிராஸ் கலைஞர்கள் பதின்மூன்றை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். மெல்லிய கம்பி பளிச்சென்று பேசும், விரலால் மீட்டும்போது சின்னச் சின்ன நெளிவுகளும் கேட்கும், சுரத்தை வளைப்பது சுலபம். ஆனால் ஓங்கி அடித்தால் இரையும். இரண்டுக்கும் ஆசைப்படுபவர்களுக்கு 12–56 என்ற கலப்புச் செட் உண்டு: மேல் கம்பிகள் லைட், கீழ்க் கம்பிகள் மீடியம். உறையில் எழுதிய ‘லைட்’, ‘கஸ்டம் லைட்’ என்ற பெயர்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு தயாரிப்பாளரின் லைட் 53-இல் முடியும், இன்னொருவரின் லைட் 54-இல் முடியும். எலக்ட்ரிக் கிட்டார் உறையில் அதே சொல் வேறு கனத்தைக் குறிக்கும். எண்ணைப் படிப்பதே சரி.

எண்ணை மாற்றினால் கழுத்தும் மாறும். பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்கு ஏறும்போது கூடுதல் இழுப்பில் கழுத்து முன்னோக்கி வளையும். இறங்கும்போது நிமிர்ந்து, கம்பி ஃபிரெட்டில் உரசும். பார்க்கும் வழி சுலபம். ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவதிலும் ஒரே நேரம் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் உள்ள சந்தைப் பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் அளவு சந்து போதும். கழற்றிப்போட்ட பத்தாம் எண் முதல் கம்பியின் துண்டே அதற்கு அளவுகோல். துண்டு தளர்வாக ஆடினால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து அளக்கலாம். நுழையவே மறுத்தால் எதிர்ச்சுற்று. மார்ட்டின் கிட்டார்களில் திருகக்கூடிய டிரஸ் ராட் வந்ததே 1985-இல்தான். அதற்கு முந்தையது கையில் இருந்தால் எண்ணை ஏற்றும் முன் பழுது பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். கழற்றிய செட்டின் உறையையும் எடுத்துப்போனால், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாறுகிறோம் என்று அவருக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.