கால்வின், யாழ்ப்பாணம், தோட்டத்துக் கிராணி

மாணவர்களிடம் ‘கிறிஸ்தவர்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வீரமாமுனிவர், சீகன்பால்கு, கால்டுவெல், ஜி.யு.போப் என்று நாலு பெயர் மளமளவென்று வந்துவிடும். நாலு பேரையும் ‘பாதிரிமார்’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். ஆனால் வீரமாமுனிவர் கத்தோலிக்கர், சீகன்பால்கு லுத்தரன், மற்ற இருவரும் ஆங்கிலிக்கன் சபையில் பணியாற்றியவர்கள். இவர்களோடு சேராத இன்னொரு கிளை இருக்கிறது. அது ஜான் கால்வினுடைய வழி. தமிழரிடம் பள்ளிக்கூடம் பரவிய கதையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மலேசியத் தமிழரான நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கால்வின் 1509-இல் பிரான்சில் பிறந்தார். 1564-இல் ஜெனீவாவில் இறந்தார். அவருடைய கொள்கையில் மாணவர்கள் தடுமாறும் இடம் ‘முன்குறிப்பு’. யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். மனிதனுடைய நல்ல செயல் அதை வாங்கித் தராது என்பது இதன் சாரம். உடனே ஒரு மாணவர் கை தூக்குவார்: “சார், இது நம்ம ஊழ்தானே?” இல்லை. திருக்குறளில் ஊழ் ஓர் அதிகாரம். ஆனால் ஊழ் என்பது நாம் செய்த வினை நம்மைத் தேடி வருவது. கால்வினிடம் வினைக்கு அந்தக் கணக்கே கிடையாது, கடவுளின் விருப்பம் மட்டும்தான். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் தென்கலை வைணவர் சொல்லும் பூனைக்குட்டி உவமை இதற்குக் கிட்டத்தட்ட வரும். குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்யாது. ஆனாலும் அந்தத் தாய் சில குட்டிகளை விட்டுவிட்டுப் போவாள் என்று வைணவம் சொல்லவில்லை. கால்வின் அதையும் சொன்னார்.

(தமிழாசிரியர்களுக்கு ஒரு துணுக்கு: தமிழ் விவிலியம் இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைத் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ என்கிறது. இங்கே ‘தெரிதல்’ அறிதல் அல்ல, பொறுக்கி எடுத்தல். ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரங்களை நடத்தும்போது இதையும் காட்டலாம்.)

எல்லாம் முன்பே முடிவானது என்றால் மனிதன் சும்மா இருந்துவிட வேண்டியதுதானே? நடந்தது நேர்மாறு. கடவுளின் சித்தம் வேதத்தில் இருக்கிறது, ஒவ்வொருவரும் அதைத் தாய்மொழியில் தானே வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசிக்க எழுத்து வேண்டும், எழுத்துக்குப் பள்ளி வேண்டும். அதனால் கால்வினியர் போன ஊரிலெல்லாம் கோயிலோடு பள்ளியும் வந்தது.

நம்ம சுங்கை காடுட்டிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் மலாக்காவில் இதன் தடயத்தைப் பார்க்கலாம். டச்சுக்காரர்கள் கால்வின் வழிச் சபையினர். 1641-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அதன் நூற்றாண்டில் தொடங்கி 1753-இல் கட்டி முடித்ததுதான் அந்தச் சிவப்புத் தேவாலயம். (முதலில் அது வெள்ளை நிறம், சிவப்புச் சாயம் 1911-இல் வந்தது.) அதே டச்சு ஆட்சியில் கிடைத்த நிலத்தில்தான் மலாக்கா செட்டிகள் 1781-இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டினார்கள்.

யாழ்ப்பாணத்தில் அவர்கள் இவ்வளவு தாராளமாக இல்லை. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும், கத்தோலிக்கர் கட்டிய முப்பதுக்கு மேற்பட்ட கோயில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள்; ஒவ்வொன்றோடும் ஒரு பள்ளி. பிலிப்பு பால்தேயுஸ் என்ற போதகர் இவற்றை மேற்பார்த்தார். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய நூலில் தமிழ் எழுத்துகளும் அச்சாகியிருந்தன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம். உபாத்தியாயர்தான் ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் தோம்பில், அதாவது பதிவேட்டில், எழுதுவார். அதில் பெயர் இல்லை என்றால் திருமணம் செல்லாது, சொத்துரிமையில் சிக்கல், அரசாங்க வேலையும் கிடைக்காது.

விளைவு எப்படி இருக்கும்? பகலில் தோம்பில் கிறிஸ்தவப் பெயர், வீட்டில் சைவம். விரதச் சாப்பாட்டு வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்த கதை பறங்கியர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1795-இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் அந்தப் பெயர்கள் மளமளவென்று உதிர்ந்தன. மிஞ்சியதும் உண்டு: பிலிப்பு த மெல்லோ என்ற தமிழ்ப் பாதிரியாரின் புதிய ஏற்பாடு 1759-இல் கொழும்பில் அச்சானது. அதை மறந்துவிடக் கூடாது.

1816-ஐ நம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஆண்டு. அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் இறங்கியது. இவர்களும் கால்வின் மரபினர்தான், ஆனால் கையில் அரசாங்கம் இல்லை. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் சிதைந்து கிடந்த அந்தப் பழைய கோயில்களையே செப்பனிட்டுக் குடியேறினார்கள். டச்சுக்காரர்கள் ஊரோடு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள். அமெரிக்கர்களோ உள்ளம் மாறியதற்கு அடையாளம் காட்டினால்தான் சபையில் சேர்ப்பார்கள். கொள்கை ஒன்று, நடைமுறை இரண்டு. ஆகவே ஞானஸ்நானம் பெறாமலேயே பல ஆண்டு படிக்க முடிந்தது!

1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824-இல் உடுவில் பெண்கள் பள்ளி, 1841-இல் ‘உதயதாரகை’ இதழ். செமினரியில் ஆங்கிலம், கணிதம், வானநூலோடு தமிழும் உண்டு. அங்கே படித்த சி.வை.தாமோதரம்பிள்ளை 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், பிறகு சைவரானார். 1887-இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. மிஷனுக்கு வேண்டியிருந்தவர்கள் போதகர்கள். செமினரியிலிருந்து வந்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். இதற்கா பணம் போட்டோம் என்று தலைமையிடம் யோசித்து, 1855-இல் செமினரியை மூடிவிட்டது. என் கணிப்பில் இந்தக் கதையின் மையம் இதுதான்: தமிழர் பள்ளியை எடுத்துக்கொண்டார்கள், கொள்கையை விட்டுவிட்டார்கள். ஆறுமுக நாவலரும் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கியபோது மிஷன் பள்ளியின் அமைப்பையே சைவத்துக்குப் பயன்படுத்தினார்.

மாக்ஸ் வெபரைப் படித்த படிவம் 6 மாணவர்கள் ‘கால்வினியம் முதலாளித்துவத்தை உண்டாக்கியது’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். வெபரே அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. கடன் கொடுத்து வட்டிக் கணக்கு எழுதிய நம்ம நகரத்தார் எந்தக் கால்வினைப் படித்தார்கள்?

இனி மலாயாவுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில்வேக்கும் நில அளவைக்கும் தோட்ட ஆபீசுக்கும் ஆங்கிலம் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அவர்கள் தயாராக இருந்தார்கள். அமெரிக்கப் பள்ளி மட்டும் காரணமில்லை. வெஸ்லியன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, சைவப் பள்ளிகளும் போட்டி போட்டுக்கொண்டு படிப்பித்தன. பால்மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கோ அப்படி ஒரு பள்ளி வாய்ப்பு கிடைத்திருக்கவில்லை. ஒரே மொழி பேசியவர்களில் ஒருவர் கிராணி வீட்டிலும் இன்னொருவர் லயத்திலும் இருந்ததற்கு இந்த நூறாண்டுப் பள்ளிக் கணக்கும் ஒரு காரணம். தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

பயிற்சிக்கு: “டச்சுக்காரரும் அமெரிக்கரும் ஒரே சமய மரபினர், யாழ்ப்பாணத்தில் அவர்கள் விட்டுச்சென்றவை வேறு வேறு.” இக்கூற்றை 350 சொற்களில் ஆராய்க. தோம்பு, ஞானஸ்நான விதி, செமினரி மூடப்பட்ட காரணம் மூன்றும் விடையில் இருக்கட்டும்.