ஊரைப் படி – 9: கொடுமணல் தக்களி

அவிநாசியில் முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையோடு போன வாரம் நின்றோம். இந்த வாரம் திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்று சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். கொடுமணல் அகழாய்வைப் பற்றி மறுபடி படிக்க உட்கார்ந்தவன், ஒரு சின்னச் சுடுமண் வில்லையைத் தாண்டி வர முடியாமல் இருக்கிறேன்.

திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். இன்று அது ஈரோடு மாவட்டம். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குப் போன பெருவழியில் இருந்த ஊர். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டியது. பேராசிரியர்கள் சுப்பராயலுவும் கா. ராஜனும் அந்தப் பணியில் முதன்மையானவர்கள்.

கொடுமணல் என்றால் எல்லோரும் கல்மணிகளைத்தான் பேசுவார்கள். பேசவேண்டியதுதான். காங்கேயம் பக்கத்துப் படியூரின் பெரில் கல், எங்கிருந்தோ வந்த சூதுபவளம், பட்டை தீட்டும்போது பாதியில் உடைந்த மணிகள் என்று ஒரு தொழிற்கூடமே மண்ணுக்குள் கிடந்தது. இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. பானை ஓடுகளில் கண்ணன் ஆதன், பண்ணன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இவை எதுவுமில்லை. நடுவில் துளையிட்ட சுடுமண் வில்லைகள். குடியிருப்புப் பகுதியில் அவை நிறையக் கிடைத்தன. துளையில் இரும்புக் கம்பி கோத்தவை. தக்களி! காந்தியப் பள்ளிகளில் படித்த பெரியவர்களுக்கு அந்தக் கருவி கையிலேயே நினைவிருக்கும். கம்பியைச் சுண்டிவிட்டால் வில்லையின் கனம் சுழற்சியைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுழற்சியில் பஞ்சு முறுக்கேறி நூலாக நீளும். நீண்டதைக் கம்பியில் சுற்றிவிட்டு மறுபடி சுண்டவேண்டும். இன்றைய நூற்பாலையில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும் கதிரும் செய்வது அதே முறுக்குத்தான். இரும்பு உருக்கிய ஊர், தக்களிக் கம்பிக்கு வேறெங்கும் போயிருக்க வேண்டியதில்லை என்று நினைக்கும்போதே மனம் துள்ளுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரையில் நூல் நூற்றிருக்கிறார்கள். இதைத் திருப்பூர்ப் பிள்ளையிடம் யாராவது சொன்னோமா?

ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு பிடிக்காது என்கிறவர்களோடு இந்தத் தொடர் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பிடிக்காதது வரலாறில்லை, நாம் தொடங்கும் இடம். ஆண்டும் அரசனும் கொடுத்தால் அது இன்னொரு தேர்வு. பனியன் கம்பெனியில் அம்மா செக்கிங், அப்பா நிட்டிங் என்று இருக்கும் வீட்டில் முப்பதாம் நம்பர் நூலுக்கும் நாற்பதாம் நம்பர் நூலுக்கும் பருமனில் என்ன வித்தியாசம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தக்களிப் படத்தைக் காட்டியதும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “இதுல எத்தனாம் நம்பர் நூலுங்க வரும்?” என்று கேட்டாள். அகழாய்வாளர் கேட்கவேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் கையில் கொடுக்க நம்மிடம் புத்தகம் இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இருப்பவை என்ன? வல்லுநர்களுக்கான அகழாய்வு அறிக்கைகள். இன்னொரு பக்கம், தங்கள் குலப்பெருமையை ஊர் வரலாறு என்று அச்சடித்துத் திருவிழாவில் விற்கும் புத்தகங்கள். இரண்டாவதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் பக்கத்து பெஞ்சில் இருக்கிறார்கள். “எங்க தாத்தன் ஆண்ட ஊர்” என்று தொடங்கும் வரலாறு அவர்களை வெளியே நிறுத்திவிடும். தக்களி அப்படி நிறுத்தாது. நூலோடு பிழைக்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது சொந்தம்.

வழி தெரியாமல் இல்லை. ராமநாதபுரம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு 2010-இல் தொடங்கிய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவர்கள் கல்வெட்டு எழுத்தே படிக்கக் கற்றார்கள். பானை ஓடு பொறுக்கிய பிள்ளைகள் அதன் பிறகு புத்தகத்தைத் தாங்களே தேடுவார்கள். அரசும் தேன்சிட்டு இதழ் தருகிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. அந்த வரிசையில் நொய்யலுக்கு ஒன்று, கொடுமணலுக்கு ஒன்று, கொடிகாத்த குமரனுக்கு ஒன்று என்று மாவட்டந்தோறும் தனியாக வரவேண்டும்.

குமரன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1932 ஜனவரி 10-ஆம் தேதி திருப்பூரில் தடியடி பட்டு, மறுநாள் உயிர்விட்டபோது அவருக்கு வயது 27. பிறந்தது நெசவு ஊரான சென்னிமலையில், அதாவது கொடுமணலுக்குப் பக்கத்தில். குமரன் ரோட்டில் தினமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சிலை தெரியும், கொடி தெரியும். திருப்பூர் அந்த நாளில் கதர் ஊராக இருந்தது தெரியாது. தக்களியிலிருந்து கதருக்கும், கதரிலிருந்து பனியனுக்கும் அதே ஆற்றங்கரையில் நடந்தே வந்துவிடலாம். எட்டாம் வகுப்புக்குள் இந்த நடை முடிந்திருக்க வேண்டும்.

கல்கத்தாவிலிருந்து மெஷின் கொண்டுவந்த குலாம் காதரையும் அவருடைய பேபி நிட்டிங் கம்பெனியையும் அடுத்த வாரம் நிச்சயம் எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் பழைய தக்களியோ, கதர்க்கடை ரசீதோ, அந்தக் காலத்துக் கம்பெனிச் சம்பளச் சீட்டோ இருந்தால் பரணிலிருந்து இறக்கி வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை எனக்கு எழுதுங்கள்.